ரத்தம் ‘அதிகமா’ இருக்குன்னு சொல்லிட்டாங்களா? பாலிசைதீமியா வேராவோட வாழறதுக்கும் தினசரி மாத்திரைய ஏத்துக்கறதுக்கும் ஒரு முழு வழிகாட்டி

நம்ம ஊர்ல ரத்தம்னா ஒரே ஒரு கவலைதான், கம்மியா இருக்கு. வெளிறிப் போயிட்டா பேரீச்சம்பழம், சோர்வா இருந்தா முருங்கைக்கீரை, அதுக்கும் கேக்கலன்னா டானிக். ரத்தம் அதிகமா இருக்குன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிப் பாருங்க, முதல்ல சிரிப்புதான் வரும். "நல்லதுதானே அண்ணி, எனக்கு ஒரு பாட்டில் குடுங்க"ன்னு எங்க நாத்தனார் சொன்னாங்க, அவங்க மேல தப்பில்ல, டாக்டர் ரூம்ல உக்காந்திருந்தப்ப எனக்கே அப்படித்தான் தோணுச்சு. இந்த நோய்ல பாதி கஷ்டம் இங்கதான் ஆரம்பிக்குது. உடம்புல பெருசா வலி இல்ல, மூஞ்சி சிவப்பா தளதளன்னு இருக்கும், பாக்கறவங்க எல்லாம் "நல்லா இருக்கியேம்மா"ன்னுதான் சொல்வாங்க, அப்புறம் எதுக்கு தினமும் மாத்திரை, அதுவும் ஆயுசுக்கும்?

இதுக்கு பதில் எனக்குப் புரிஞ்ச மாதிரி, படிப்படியா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, இதே நோயோட குடும்பம் நடத்தறவ. மாத்திரை அளவ நீங்களா மாத்தறதுக்கு இத யூஸ் பண்ணாதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க யூஸ் பண்ணுங்க.

படி 1: என்ன நோய்னு ஒரு தடவ ஒழுங்கா புரிஞ்சுக்கங்க

எலும்பு மஜ்ஜைலதான் ரத்த அணுக்கள் உருவாகுது. சிறுநீரகத்துலருந்து எரித்ரோபொய்ட்டின்னு ஒரு ஹார்மோன் வந்து "சிவப்பணு வேணும்"னு சொன்னா மஜ்ஜை தயாரிக்கும், போதும்னா நிறுத்தும். பாலிசைதீமியா வேரால மஜ்ஜைல இருக்கற ஒரு செல்லுல ஜேக்2ங்கற மரபணு மாறிப்போயிடுது, மாறினதும் அந்த செல்லும் அதோட வாரிசுகளும் யாரும் சொல்லாமயே தயாரிச்சுக்கிட்டே இருக்கும். சிவப்பணு மட்டும் இல்ல, நிறைய பேருக்கு வெள்ளையணுவும் பிளேட்லெட்டும் கூடவே ஏறும். இந்த மாற்றத்த 2005ல கண்டுபிடிச்சாங்க, இந்த நோய் இருக்கறவங்கள்ல கிட்டத்தட்ட 95 சதவீதம் பேருக்கு வி617எஃப்ங்கற அதே மாற்றம்தான் இருக்கு, மீதி பேர்ல பெரும்பாலானவங்களுக்கு அதே மரபணுல வேற இடத்துல.

இது வாழ்க்கையோட நடுவுல வந்த மாற்றம், பொதுவா பொறக்கும்போது கொண்டு வந்தது இல்ல. "பிள்ளைங்களுக்கு வந்துடுமா"ங்கறதுதான் எல்லாரும் முதல்ல கேக்கற கேள்வி, வழக்கமான பதில் வராதுங்கறதுதான். அரிதா சில குடும்பங்கள்ல ஒண்ணுக்கு மேல பட்டவங்களுக்கு ரத்த நோய் இருக்கும், உங்க குடும்பம் அப்படின்னா மட்டும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.

இன்னொண்ணு, இத சுத்தி வளைக்காம சொல்லிடறேன், மருத்துவக் கணக்குல இது மெதுவா போற ரத்தப் புற்றுநோய் வகைல வருது. அந்த வார்த்தைய இன்டர்நெட்ல பாத்துட்டு நடுராத்திரி அழுதுக்கிட்டு இருக்கறதுக்கு பதிலா இப்பவே தெரிஞ்சுக்கறது மேல். சினிமால வர்ற பிளட் கேன்சர் இல்ல இது. ஒழுங்கா வைத்தியம் பாத்தா வருஷக்கணக்குல, பலருக்கு இருபது வருஷத்துக்கும் மேல, வேலை, கல்யாணம் காட்சின்னு எல்லாத்தோடயும் ஓடற நோய். சொந்தக்காரங்ககிட்ட எந்த பேர சொல்றதுங்கறது உங்க இஷ்டம். நான் கூட்டத்துல "ரத்தம் கெட்டியாகற வியாதி"ன்னு சொல்வேன், வீட்டுல இருக்கற நாலு பேருக்கு மட்டும் முழுசா தெரியும்.

படி 2: வேற காரணம் இல்லைன்னு உறுதி பண்ணிக்கங்க

ஹீமோகுளோபின் ஏறினதெல்லாம் இந்த நோய் கிடையாது. பீடி சிகரெட், நாள்பட்ட நுரையீரல் நோய், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற குறட்டை, உடம்புல தண்ணி வத்திப்போறது, இதுலயும் ஏறும். ஆம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் 16.5க்கு மேல, பொம்பளைங்களுக்கு 16க்கு மேல தொடர்ந்து இருந்தாத்தான் டாக்டருங்க இந்தப் பக்கமே யோசிப்பாங்க. அப்புறம் ஜேக்2 டெஸ்ட், எரித்ரோபொய்ட்டின் அளவு (இந்த நோய்ல கம்மியா இருக்கும்), தேவைன்னா இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை டெஸ்ட்.

ஒரு ஜெனரல் டாக்டரோட நிக்காதீங்க. ரத்த நோய்க்குன்னே படிச்ச ஹெமட்டாலஜிஸ்ட ஒரு தடவயாவது பாத்துடுங்க. வேலூர் சிஎம்சில இதுக்குன்னு பெரிய டிபார்ட்மென்ட்டே இருக்கு, சென்னை, கோயம்புத்தூர் மாதிரி ஊர்லயும் ஆள் இருக்காங்க. முதல் பிளான அவங்க போட்டுக் குடுத்துட்டா மாசாமாசம் டெஸ்ட் உள்ளூர்லயே பாத்துக்கலாம்.

படி 3: 45ங்கற நம்பர மனசுல எழுதிக்கங்க

லேப் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் ஹீமோகுளோபினத்தான் பாப்பாங்க, அதுதான் முதல் வரில இருக்கும். நீங்க இன்னும் ரெண்டு மூணு வரி கீழ இறங்குங்க, பிசிவின்னு ஒரு வரி இருக்கும், சில லேப்ல ஹெமட்டோக்ரிட்னு போட்டிருப்பாங்க. ரத்தத்த ஒரு டியூப்ல வச்சு வேகமா சுத்தினா சிவப்பணு எல்லாம் அடில படியும், அப்படி படிஞ்சது மொத்தத்துல எத்தன சதவீதம்ங்கறதுதான் அது. இது 45க்கு கீழ இருக்கணும். லேப்காரங்க பக்கத்துல அச்சடிச்சிருக்கற நார்மல் ரேஞ்ச் 50 வரைக்கும் கூட போகும், அதனால 48 வந்தாலும் ரிப்போர்ட்ல சிவப்பா எதுவும் காட்டாது, "நார்மல்னு போட்டிருக்கே"ன்னு நிம்மதியா மடிச்சு வச்சிடாதீங்க, அந்த ரேஞ்ச் இந்த நோய் இல்லாதவங்களுக்கு.

ஏன் 45? இத்தாலில 365 நோயாளிங்கள ரெண்டு பிரிவா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு 45க்கு கீழயும் இன்னொரு பிரிவுக்கு 45லருந்து 50க்குள்ளயும் வச்சுப் பாத்தாங்க, ரிசல்ட் 2013ல வந்துச்சு. கீழ வச்சவங்கள்ல இதயம், ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட சாவோ பெரிய ரத்தக்கட்டோ வந்தது 2.7 சதவீதம், மேல வச்சவங்கள்ல 9.8 சதவீதம். அஞ்சு பாயிண்ட்தான் வித்தியாசம், ஆபத்து மூணு மடங்குக்கும் மேல. எனக்கு மாத்திரை மேல இருந்த கோவம் கொஞ்சம் இறங்கினது இந்தக் கணக்கப் பாத்தப்புறம்தான். மாத்திரை எனக்கு "நல்லா இருக்கற ஃபீலிங்" குடுக்கறதுக்கு இல்ல, பக்கவாதமும் மாரடைப்பும் வராம இருக்கறதுக்கு. வராம போனது கண்ணுக்குத் தெரியாது, அதனாலதான் மாத்திரை சும்மா போடற மாதிரியே தோணும்.

ஒரு நோட்டு போடுங்க. தேதி, பிசிவி, வெள்ளையணு, பிளேட்லெட், எம்சிவி (சிவப்பணுவோட சராசரி சைஸ்), அன்னிக்கு என்ன டோஸ், இவ்வளவுதான் கட்டம். டாக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த நோட்டு பேசும்.

படி 4: ரத்தம் எடுக்கறது

பல பேருக்கு வைத்தியம் இங்கருந்துதான் ஆரம்பம். பிளட் பேங்க்லயே எடுப்பாங்க, ரத்ததானம் மாதிரியேதான், ஒரு தடவைக்கு 350 இல்லன்னா 450 மில்லி. டாக்டர் லெட்டர் கட்டாயம் வேணும், அது இல்லாம போனா "நீங்க டோனரா பேஷண்டா"ங்கறதுலயே அரை மணி போயிடும். படுக்க வச்சு கைல பந்து குடுப்பாங்க, அமுக்கி அமுக்கி விடணும். ஆரம்பத்துல பிசிவி ரொம்ப அதிகமா இருக்கும்போது ரத்தம் கறுஞ்சிவப்பா, டியூப்ல ஊர்ந்துதான் போகும், பையத் தராசுல ஆட்டிக்கிட்டே இருக்கற தம்பி ரெண்டு தடவ ஊசிய லேசா திருப்பிப் பாப்பார், பயப்படாதீங்க. நாலஞ்சு தடவ எடுத்து நம்பர் இறங்கினப்புறம் அதே பை எவ்வளவு வேகமா நிறையுதுன்னு நீங்களே பாப்பீங்க, கெட்டியாகறதுன்னா என்னன்னு எனக்கு எந்த டாக்டர் விளக்கத்த விடவும் அந்த டியூப்தான் நல்லா காட்டுச்சு.

"அந்த ரத்தத்த யாருக்காவது குடுக்கலாமே"ன்னு மனசு அடிச்சுக்கும். குடுக்க மாட்டாங்க, பையில எழுதி அழிச்சிடுவாங்க.

போறதுக்கு முந்தின நாளே நிறைய தண்ணி குடிங்க, காலைல சாப்ட்டுட்டு போங்க, வெறும் வயித்துல வேண்டாம். எடுத்தப்புறம் கால்மணி நேரம் உக்காந்துட்டு எழுந்திருங்க, அன்னிக்கு டூவீலர் ஓட்டாம யாரையாவது கூட்டிட்டுப் போங்க. இதய நோய் இருக்கறவங்களுக்கும் வயசானவங்களுக்கும் கொஞ்சங்கொஞ்சமா எடுப்பாங்க.

படி 5: ஆஸ்பிரின்

75 மில்லிகிராம், சின்ன மாத்திரை, எகோஸ்ப்ரின்னு கேட்டா எந்த மெடிக்கல்லயும் கிடைக்கும். 2004ல ஐரோப்பால 518 நோயாளிங்ககிட்ட 100 மில்லிகிராம் குடுத்துப் பாத்த ஆய்வுல பெரிய ரத்தக்கட்டு பிரச்னைகள் நல்லா குறைஞ்சது தெரிஞ்சுச்சு, அதுலருந்து அல்சர், ரத்தக்கசிவு மாதிரி தடை இல்லாத எல்லாருக்கும் இது உண்டு. சாப்ட்டப்புறம் போடுங்க. உள்ளங்கை, பாதம் எல்லாம் சிவந்து தீயா எரியற தொந்தரவு இருந்தா இதுலயே நல்லா அடங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, பிளேட்லெட் 10 லட்சத்த தாண்டியிருந்தா ரத்தம் உறையறதுக்குப் பதிலா கசியற ஆபத்தும் வரும், அப்ப ஆஸ்பிரின ஆரம்பிக்கலாமான்னு டாக்டர்தான் ஒரு டெஸ்ட் பாத்து சொல்லணும்.

மூட்டுவலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக்னு மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போடற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. ஆஸ்பிரினோட சேந்தா வயித்துல ரத்தக்கசிவு வரும், ஐபுப்ரோஃபென் ஆஸ்பிரின் வேலையவே கெடுக்கும். காய்ச்சல் தலைவலிக்கு பாராசிட்டமால் போதும்.

படி 6: ஹைட்ராக்ஸியூரியா, இங்கதான் எல்லாரும் நின்னு போறாங்க

60 வயச தாண்டியிருந்தாலோ, ஏற்கனவே ஒரு ரத்தக்கட்டு வந்திருந்தாலோ ரத்தம் எடுக்கறதும் ஆஸ்பிரினும் மட்டும் போதாது, மஜ்ஜையோட தயாரிப்பையே குறைக்கணும். அதுக்கு நம்ம ஊர்ல பெரும்பாலும் முதல்ல குடுக்கறது ஹைட்ராக்ஸியூரியா, 500 மில்லிகிராம் கேப்சூல். வயசு கம்மியா இருந்தாலும் அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டி வந்தா, மண்ணீரல் பெருசாயிட்டா, பிளேட்லெட் ஏறிக்கிட்டே போனா இதே பேச்சு வரும்.

பேக்கிங்ல புற்றுநோய் டாக்டர் சீட்டு இருந்தாத்தான் குடுக்கணும்னு போட்டிருக்கும், உள்ள இருக்கற பேப்பர விரிச்சா கீமோ மருந்துன்னு இருக்கும், படிச்சதுமே கை நடுங்கும். எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் பேப்பர படிச்சுட்டு ஆறு மாசம் அட்டைய பீரோலயே வச்சிருந்தார். பயம் நியாயம்தான், ஆனா அந்த மருந்தப் பத்தி பேப்பர்ல இல்லாத சில விஷயமும் தெரிஞ்சுக்கங்க. இத முதல்ல ஜெர்மனில தயாரிச்சது 1869ல, மருந்தா அமெரிக்கால அனுமதி கிடைச்சது 1967ல. அதாவது நேத்து வந்த மருந்து இல்ல. இன்னொண்ணு, சிக்கிள் செல்னு ஒரு பரம்பரை ரத்த நோய், நம்ம நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டதான் இந்தியாவுலயே முதல்ல 1952ல கண்டறிஞ்சாங்க, அந்த நோய்க்கு சின்னப் பிள்ளைங்களுக்கே இதே ஹைட்ராக்ஸியூரியாவ வருஷக்கணக்கா குடுக்கறாங்க. முடி எல்லாம் கொட்டி, வாந்தி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரில படுத்திருக்கற கீமோவும் இதுவும் ஒண்ணு இல்ல. நான் காலைல இட்லி சாப்ட்டுட்டு கேப்சூல போட்டுட்டு பஸ் ஏறிடுவேன்.

"இத ரொம்ப நாள் போட்டா லுக்கீமியா வரும்"னு ஒரு பேச்சு உண்டு. இந்த நோய்க்கே ஒரு சின்ன பங்கு பேருக்கு பல வருஷம் கழிச்சு மஜ்ஜை தழும்பாகறதோ லுக்கீமியாவோ வர்ற தன்மை இருக்கு. பழைய காலத்துல குடுத்த குளோராம்புசில், கதிரியக்க பாஸ்பரஸ் அந்த ஆபத்த கூட்டினது உண்மை, அதனாலதான் அத கைவிட்டாங்க. ஹைட்ராக்ஸியூரியா அப்படிக் கூட்டுதுன்னு நிரூபணம் ஆகல. இருந்தாலும் வயசு ரொம்ப கம்மின்னா டாக்டருங்க இன்டர்ஃபெரான்ங்கற ஊசி (படி 10ல வருது) பக்கம் யோசிப்பாங்க, நீங்களும் அந்தக் கேள்விய நேரா கேளுங்க.

ஆரம்பிச்ச புதுசுல ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ரத்த டெஸ்ட், டோஸ் செட் ஆனப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒண்ணு. டோஸ் திங்கள்லருந்து வெள்ளி ஒண்ணு, சனி ஞாயிறு ரெண்டுன்னு விசித்திரமா எல்லாம் வரும், அது அணுக்கணக்குக்கு ஏத்த மாதிரி அளக்கறது. ஒரு நாள் மறந்துட்டா மறுநாள் சேத்து ரெண்டா போடாதீங்க, விட்டது விட்டதுதான்.

படி 7: மாத்திரைய பழக்கத்துல கட்டிப் போடுங்க

மன உறுதியால எல்லாம் இருபது வருஷம் மாத்திரை போட முடியாது. ஏற்கனவே தினம் தவறாம நடக்கற ஒண்ணோட கட்டுங்க. காலை டிபன், சாமி விளக்கு, ராத்திரி சீரியல், எதுவா இருந்தாலும் சரி. ஏழு அறை இருக்கற மாத்திரை டப்பா மெடிக்கல்ல கிடைக்கும், ஞாயித்துக்கிழமை நிரப்பி வச்சிட்டா போட்டமா இல்லையான்னு குழப்பமே வராது. கேப்சூல உடைக்காதீங்க, கரைக்காதீங்க, தொட்டா கை கழுவுங்க. எங்க வீட்டுல டப்பா நிரப்பறது மருமகப்பொண்ணு வேலையா இருந்துச்சு, அவ உண்டாயிருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கே அந்த வேலைய எங்க வீட்டுக்காரர்கிட்ட மாத்திட்டோம், கர்ப்பமா இருக்கறவங்க இத கையாளக் கூடாது.

ஸ்டாக் தீர்றதுக்கு பத்து நாள் முன்னாடியே வாங்கிடுங்க. சின்ன ஊர் மெடிக்கல்ல இது சும்மா இருக்காது, சொல்லி வச்சு வரவழைக்கணும், பொங்கல் தீபாவளி லீவுல மாட்டிக்கிட்டா அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் செஞ்சும் ஒரு நாள் "போதும்டா சாமி"ன்னு வரும். எல்லாருக்கும் வரும். ரிப்போர்ட் நல்லா வந்த அன்னிக்குத்தான் அந்த நினைப்பு அதிகமா வரும், பிசிவி 42, இனி எதுக்குன்னு. ரிப்போர்ட் நல்லா இருக்கறதே மாத்திரையாலதான், நிறுத்தினா கொஞ்ச நாள்லயே எல்லாம் மறுபடி ஏறும். அந்த அலுப்ப மறைக்காம டாக்டர்கிட்டயே சொல்லிடுங்க. போடாம இருந்துட்டு போட்டேன்னு பொய் சொன்னா, மருந்து வேலை செய்யலன்னு நெனச்சு அவர் டோஸ ஏத்துவார், ஆபத்து அங்கதான்.

படி 8: பக்கவிளைவ கவனிங்க, பயந்து நிறுத்தாதீங்க

நகத்துல கறுப்புக் கோடு, தோல் வறட்சி, எம்சிவி 110, 115ன்னு ஏறறது, இதெல்லாம் சகஜம். எம்சிவி ஏறினத பாத்துட்டு இந்த நோய் தெரியாத டாக்டர் யாராவது பி12 குறைபாடுன்னு சொல்லலாம், நீங்க போடற மருந்த சொல்லிட்டா விஷயம் முடிஞ்சுது.

உடனே சொல்ல வேண்டியது: ஆறாத வாய்ப்புண், கணுக்கால்கிட்ட வர்ற புண் (சின்னதா இருக்கும்போதே காட்டுங்க, இத பல பேர் செருப்பு கடிச்சதுன்னு விட்டுடுவாங்க), காரணமில்லாத காய்ச்சல், ஈறுல ரத்தம், தோல்ல புதுசா வந்து ஆறாம நிக்கற கட்டியோ திட்டோ. வெயில்ல தோல் புற்றுநோய் ஆபத்து கூடும், அதனால குடை, முழுக்கை சட்டை, சன்ஸ்க்ரீன். சித்திரை வெயில்ல குடை பிடிச்ச ஆம்பளைய நாலு பேர் பாக்கத்தான் செய்வாங்க, பாக்கட்டும்.

குழந்தை பெத்துக்கற எண்ணம் இருந்தா, ஆணோ பொண்ணோ, முன்னாடியே சொல்லிடுங்க. இந்த மருந்த நிறுத்திட்டு வேற வழிக்கு மாத்துவாங்க, கர்ப்பத்துக்கு ஒத்துவர்ற வைத்தியம் இருக்கு. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை இந்த நோய்க்கு ஆகாது.

படி 9: சமையக்கட்டும் குளியலறையும்

வீட்டுல சண்டை வர்ற இடம் இதுதான், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

ரத்தம் எடுக்க எடுக்க உடம்புல இரும்புச்சத்து குறையும். டெஸ்ட்ல ஃபெரிட்டின் (உடம்புல இரும்பு கையிருப்பு எவ்வளவுன்னு காட்டற அளவு) அடிமட்டத்துல இருக்கும், பாத்ததும் எந்த டாக்டருக்கும் இரும்பு மாத்திரை எழுதக் கை வரும். இந்த நோய்ல அந்தக் குறைபாடுதான் மஜ்ஜைக்குப் பிரேக், சிவப்பணு செய்யறதுக்கு சரக்கு இல்லாம அது மெதுவாகுது. நீங்க இரும்ப குடுத்தா சில வாரத்துல பிசிவி குதிக்கும். அதனால இரும்பு மாத்திரை, டானிக், இரும்பு சேத்த சத்து மாவு, எதுவும் ஹெமட்டாலஜிஸ்ட் சொல்லாம கூடாது. சித்த மருந்துல அயச்செந்தூரம், அன்னபேதி செந்தூரம் ரெண்டுமே இரும்புதான், "ரத்தத்த சுத்தம் பண்ணும்"னு யாராவது பொட்டலம் குடுத்தா உள்ள என்னன்னு கேக்காம வாயில போடாதீங்க. சாப்பாட்டுல கீரையையும் பேரீச்சம்பழத்தையும் ஒதுக்கி வைக்கணும்னு இல்ல, வழக்கமா சாப்பிடற அளவுக்கு சாப்பிடுங்க, அத மருந்தா நெனச்சு தினம் டம்ளர் டம்ளரா குடிக்க வேண்டாம், அவ்வளவுதான். பாசத்துல பீட்ரூட் ஜூஸ் போட்டுக் கொண்டு வர்றவங்ககிட்ட "டாக்டர் வேண்டாம்னுட்டார்"னு சொல்லுங்க, நம்ம ஊர்ல விளக்கத்த விட அதுக்குத்தான் மரியாதை. ஒரு வேளை இரும்புக் குறைபாட்டால கால் குடைச்சல், தாங்க முடியாத சோர்வு, ஐஸ் கட்டிய மெல்லணும்னு ஆசை வந்தா அதையும் சொல்லுங்க, ரத்தம் எடுக்கறத குறைச்சு மருந்துக்கு மாத்தலாம்.

தண்ணி. அக்னி நட்சத்திர நேரத்துல வேர்த்துக் கொட்டி உடம்பு வத்தினா பிசிவி தானா ஏறும். வயித்துப்போக்கு, வாந்தி வந்தாலும் அப்படித்தான், உப்பு சர்க்கரை கரைசல தள்ளிப் போடாதீங்க. ஏகாதசிக்கு விரதம் இருக்கறவங்க சாப்பாட்ட விடுங்க, தண்ணிய விடாதீங்க, ரமலான் நோன்பு வைக்கறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட பேசிடுங்க.

அரிப்பு. குளிச்சு முடிச்ச அஞ்சு பத்து நிமிஷத்துல உடம்பு முழுக்க ஊசி குத்தற மாதிரி அரிக்கும், தோல்ல ஒரு தடிப்பும் இருக்காது. நோய் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி சோப்ப மாத்தி, பவுடர மாத்தி, தோல் டாக்டர மாத்தி அலைஞ்சவங்க எத்தனையோ பேர். வெந்நீர்தான் பெரும்பாலும் தூண்டிவிடும், அதனால சனிக்கிழமை எண்ணெய் தேச்சு கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்திக்கற சுகத்த கொஞ்சம் குறைக்கணும். வெதுவெதுப்பா, சீக்கிரமா குளிச்சுட்டு, துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க, ஈரம் காயறதுக்குள்ள தேங்காய் எண்ணெய் தடவுங்க. அலர்ஜி மாத்திரை சிலருக்குக் கேக்கும், சிலருக்கு சுத்தமா கேக்காது. அரிப்பு வாழ்க்கையவே கெடுத்தா அதுக்காகவே மருந்த மாத்தலாம், "அரிப்புதானே"ன்னு யாராவது சொன்னா விட்டுக் குடுக்காதீங்க.

புகை பிடிக்கறவங்க நிறுத்தியே ஆகணும், இதுல பேரம் இல்ல. பிபி, சுகர், கொலஸ்ட்ரால் மூணும் கட்டுக்குள்ள இருக்கணும், ரத்தக்குழாய்க்கு ஏற்கனவே ஒரு எதிரி இருக்கும்போது இன்னும் மூணு எதுக்கு.

படி 10: மருந்து ஒத்துக்கலன்னா

ஹைட்ராக்ஸியூரியாவோட கதை முடியறதில்ல. இன்டர்ஃபெரான் ஊசி இருக்கு, புது வகைய ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ தோலுக்கடில போட்டா போதும், 2019ல ஐரோப்பாவுலயும் 2021ல அமெரிக்காவுலயும் இந்த நோய்க்குன்னே அனுமதி குடுத்தாங்க. ஜேக்2 மாற்றத்தையே குறைக்கற தன்மை இதுக்கு உண்டு, ஆனா ஃப்ளூ காய்ச்சல் மாதிரி உடம்பு வலி, தைராய்டு, மனச்சோர்வு வரலாம், ஏற்கனவே டிப்ரஷன் இருந்தா மறைக்காம சொல்லிடணும். ருக்ஸோலிடினிப்னு ஒரு மாத்திரை, அரிப்புக்கும் பெருசான மண்ணீரலுக்கும் நல்லா கேக்கும், அக்கி வர்ற வாய்ப்பு கூடும், பழைய டிபி தூங்கிட்டு இருந்தா எழுப்பிவிடும், அதனால நம்ம ஊர்ல டிபி டெஸ்ட் பாக்காம ஆரம்பிக்கக் கூடாது. ரெண்டுமே விலை கூட. விலைய கேக்கறதுல வெக்கமே வேண்டாம், "மாசம் எவ்வளவு ஆகும், விலை கம்மியா வேற கம்பெனி இருக்கா, ஆஸ்பத்திரில உதவித் திட்டம் இருக்கா"ன்னு அந்த ரூம்லயே கேளுங்க. ரெண்டு மாசம் போட்டுட்டு பணம் இல்லாம நிறுத்தறதுக்கு, வருஷம் முழுக்க வாங்க முடிஞ்ச மருந்து மேல்.

படி 11: மத்த டாக்டர், ஆபரேஷன், அவசரம்

பல்லு புடுங்கறதுக்குப் போனாலும் ஆஸ்பிரின் போடறத சொல்லுங்க, நீங்களா நிறுத்திட்டுப் போகாதீங்க. பெரிய ஆபரேஷன்ல இந்த நோய்க்கு ரத்தம் கட்டவும் செய்யும் கசியவும் செய்யும், முடிஞ்ச வரைக்கும் அணுக்கணக்க கட்டுக்குள்ள கொண்டு வந்துட்டுத்தான் கத்தி வைக்கணும், அதுக்கு சர்ஜனும் ஹெமட்டாலஜிஸ்ட்டும் ஒருத்தரோட ஒருத்தர் பேசியாகணும், பேச வைக்க வேண்டியது நம்ம வேலை. தடுப்பூசி போடும்போது உயிருள்ள கிருமி வகையான்னு கேட்டுக்கங்க. ராத்திரி பூரா பஸ் பயணம், ஃப்ளைட்னா நடுநடுல எழுந்து நடங்க, கால ஆட்டுங்க, தண்ணி குடிங்க.

வீட்டுல இருக்கறவங்களுக்கு இத சொல்லிக் குடுத்துடுங்க: வாய் கோணறது, ஒரு கை தூக்க முடியாம விழறது, பேச்சு குழறறது, திடீர்னு ஒரு கண்ணு மங்கறது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கறது, வயிறு வீங்கிக் கடுமையா வலிக்கறது. இதுல எது வந்தாலும் சுக்கு கஷாயம், சோடா, "கொஞ்சம் படு சரியாயிடும்" எல்லாம் கிடையாது, 108. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்ட கரைக்கற ஊசிய நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாத்தான் பலன், கடைசியா நல்லா இருந்த நேரத்துலருந்து அந்தக் கணக்கு ஓடும், அதனால மணிய பாத்து வச்சுக்கச் சொல்லுங்க.

பர்ஸ்ல ஒரு அட்டை: நோய் பேரு, போடற மருந்து, டோஸ், கடைசி பிசிவி, டாக்டர் நம்பர். மறுபக்கம் ஒரே வரி, "கேக்காம இரும்பு மருந்து குடுக்காதீங்க". ஒவ்வொரு ரிப்போர்ட் வந்ததும் நம்பர அடிச்சு மாத்தி எழுதணும்ங்கறதால பென்சில்ல எழுதுங்க.